தைராய்டில் இடது பக்கம் பிறவியிலேயே இல்லையாம், இதற்கு என்ன அர்த்தம்?

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. போன மாதம் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, தாடைக்குக் கீழே நெறி கட்டிவிட்டது. பல் சரியான பிறகும் நெறி வடியவில்லை, எதற்கும் கழுத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்கள். ஜெல்லைத் தடவி வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் இடது பக்கம் வந்தார், மறுபடி வலது, மறுபடி இடது, அப்படியே நின்றுவிட்டார். "கழுத்தில் ஆபரேஷன் ஏதாவது செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பாத மாதிரி விளக்கைப் போட்டு, ஜெல்லைத் துடைத்துவிட்டுத் தழும்பு இருக்கிறதா என்று தேடினார். "ரொம்பச் சின்ன வயதில்? அம்மாவைக் கேட்டுப் பாருங்களேன்" என்றார். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நெறியால் ஒன்றுமில்லை, தானாக வடிந்துவிடும் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அதற்குக் கீழேதான் விஷயம். தைராய்டின் இடது மடலும், நடுவில் இரண்டு மடல்களையும் இணைக்கிற இஸ்த்மஸும் காணப்படவில்லை, வலது மடல் சற்றுப் பெரிதாக இருக்கிறது, பிறவியிலேயே அமைந்த ஹெமிஏஜெனிசிஸாக (ஒரு பக்க மடல் உருவாகாத நிலை) இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 3.8, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) நார்மல். டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். "ஒன்றும் பண்ண வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை டிஎஸ்எச் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

இருபத்தொன்பது வருஷமாகப் பாதி தைராய்டோடு இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாது. பாதி என்றால் ஹார்மோனும் பாதிதானே சுரக்கும்? இருக்கிற ஒரு பக்கம் இரண்டு பேர் வேலையைச் செய்து சீக்கிரம் தேய்ந்து போய்விடுமா? அடுத்த வருஷம் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறோம், குழந்தைக்கும் இப்படி வருமா? இன்னொரு பக்கம் அம்மா. கேள்விப்பட்ட நாளிலிருந்து "மாசமாக இருக்கும்போது நான்தான் உடம்பைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்று ஒரே புலம்பல். அவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

செங்கல்சூளை எழுதியது:

பயப்படாதீங்க சகோ. தைராய்டுக்குச் சாப்பாடே அயோடின்தான். கடல்பாசி மாத்திரை என்று கிடைக்கிறது, ஆறு மாதம் விடாமல் எடுங்க, மீதிப் பாதியும் வளர்ந்துவிடும். இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது. எனக்குத் தெரிந்த ஒருத்தருக்குக் கழுத்து வீக்கமே வற்றிவிட்டது.

சாம்பல்திரை எழுதியது:

முதலில் மேலே இருப்பதைப் பற்றி. வேண்டாம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கருவிலேயே உருவாகாத மடலை எந்த மாத்திரையும் வளர்க்காது. அதோடு, அயோடின் அளவுக்கு மீறிப் போனால் நன்றாக வேலை செய்யும் தைராய்டே ஹார்மோன் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், சிலருக்கு நேர்மாறாக அதிகமாகச் சுரந்து படபடப்பு வந்துவிடும். கடல்பாசி மாத்திரைகளில் அயோடின் அளவு ஒன்றுக்கொன்று ஏகத்துக்கும் மாறும். ஒரே ஒரு மடலை வைத்திருப்பவர் விளையாடிப் பார்க்கிற விஷயமில்லை இது.

நான் ஸ்கேன் எடுக்கிற வேலையில் 14 வருஷமாக இருக்கிறேன். உங்களுடையதைப் போல இதுவரை நான்கைந்து பார்த்திருக்கிறேன், எல்லாமே வேறு எதற்கோ கழுத்தைப் பார்க்கப்போய்த் தென்பட்டவை. ஊரில் நலமாக இருப்பவர்களைக் கூப்பிட்டு ஸ்கேன் செய்த ஆய்வுகளில் பத்தாயிரம் பேருக்கு 2 முதல் 20 பேர் வரை இப்படி இருக்கிறார்கள். இல்லாமல் போவது ஐந்தில் நான்கு பேருக்கு இடது மடல்தான், ஏன் இடது என்பதற்கு யாரிடமும் நல்ல விளக்கம் இல்லை. பாதிப் பேருக்கு இஸ்த்மஸும் சேர்ந்தே இருக்காது. உங்களைப் பார்த்தவர் தழும்பைத் தேடியது சரியான காரியம், ஏனென்றால் ஒரு பக்கம் இல்லையென்றால் யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

தைராய்டு கழுத்தில் உண்டாவதே இல்லை. கரு உருவாகி 24ஆம் நாள் வாக்கில் நாக்கின் அடிப்பகுதியில் ஒரு சிறு புள்ளியாகத் தொடங்குகிறது. அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டே இரண்டு பக்கமும் விரிந்து, 7ஆம் வாரத்தில் குரல்வளைக்குக் கீழே தன் இடத்துக்கு வந்து சேர்கிறது. இந்தப் பயணத்தில் எங்கே தடுக்கினாலும் ஒரு வகைக் குறை. இறங்காமல் நாக்கின் அடியிலேயே தங்கிவிடலாம், ரொம்பச் சின்னதாக நின்றுவிடலாம், முழுதுமே உருவாகாமல் போகலாம், அல்லது உங்களுக்கு ஆனது போல ஒரு பக்கம் மட்டும் விரியாமல் இருக்கலாம். இந்த வரிசையில் ரொம்ப லேசானது உங்களுடையதுதான்.

பாதி மடல் என்றால் பாதி ஹார்மோன் என்ற கணக்கு இங்கே ஓடாது. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒன்று உட்கார்ந்துகொண்டு இரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால் டிஎஸ்எச்சைக் கூடுதலாக அனுப்பும், அது தைராய்டைத் தட்டி எழுப்பி வேலை வாங்கும். உங்கள் வலது மடல் சற்றுப் பெரிதாக இருப்பது நோயில்லை, அத்தனை வருஷம் அந்தத் தட்டலுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வளர்ந்தது. கட்டிக்காக ஒரு மடலை ஆபரேஷனில் எடுத்துவிட்டவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் பிறகு ஹார்மோன் குறைகிறது. உங்கள் உடம்போ பிறந்ததிலிருந்தே இந்த ஏற்பாட்டில் பழகியது. தேய்ந்துபோவது என்றெல்லாம் கிடையாது. ஆனால் மற்றவர்களுக்கு வருகிற ஹாஷிமோட்டோ (ஹார்மோனைக் குறைக்கும் நோய்), கிரேவ்ஸ் (அதிகமாக்கும் நோய்), கட்டி எல்லாம் ஒற்றை மடலிலும் வரலாம், வந்தால் கைகொடுக்க மறுபக்கம் இல்லை, அதற்காகத்தான் வருஷத்துக்கு ஒரு டிஎஸ்எச். ஆன்டி டிபிஓ (உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்கவில்லை என்றால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்கவே கூடாது. நாளைக்கு எப்போதாவது அந்த வலது பக்கத்தில் ஒரு கட்டி வந்து, "ஒரு பக்கத்தை எடுத்துவிடலாம், மறுபக்கம் சமாளித்துக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால், மறுபக்கமே இல்லை என்று நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். ஐசோடோப் ஸ்கேனிலும் (கதிரியக்க மருந்தைக் கொடுத்து, தைராய்டு எங்கே வேலை செய்கிறது என்று படமெடுப்பது) இதே குழப்பம் வரும். ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று தெரிந்தால், அங்கே அதிகமாகச் சுரக்கும் கட்டி ஒன்று இருந்து மறுபக்கத்தை அமுக்கிவிட்டது என்று படிக்க வாய்ப்பிருக்கிறது. இந்த ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலைமாத்திரை எழுதியது:

நிலாமுற்றம், நான் உங்களுக்கு ஒருவகையில் அக்கா. வயது 36. எனக்கு இரண்டு மடலும் உண்டு, ஆனால் பேருக்குத்தான், ஹைப்போபிளேசியா என்பார்கள். பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தில் தெரிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை தினமும் லெவோதைராக்சின், அதாவது தைராய்டு ஹார்மோன் மாத்திரை.

பள்ளியில் படிக்கும்போது எனக்கு ஏதோ ஒன்று குறைவு என்ற எண்ணம் இருந்துகொண்டே இருந்தது. மாத்திரை டப்பாவை யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பேன். 19 வயதில், விடுதியில் இருந்தபோது, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்திவிட்டேன். இந்த ஹார்மோன் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் முதல் இரண்டு வாரம் ஒன்றுமே தெரியவில்லை, பார்த்தாயா என்று எனக்கே பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் மெதுவாகத் தொடங்கியது. எல்லோரும் வியர்வையில் நனைந்துகொண்டிருக்கும்போது நான் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி படிப்பேன். வீட்டுக்குப் போன் பண்ணினால் "சளி பிடித்திருக்கிறதா, குரல் ஏன் கரகரவென்று இருக்கிறது?" என்று கேட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது டிஎஸ்எச் 100க்கு மேல். திட்டுவார்கள் என்று பயந்துகொண்டே போனேன், டாக்டர் திட்டவில்லை, "உனக்குத் தைராய்டு இருக்கிறது, அது உன் கழுத்தில் இல்லை, டப்பாவில் இருக்கிறது" என்றார். மறுநாளிலிருந்து டப்பாவை மேஜைமேலேயே வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்களுக்கு மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். தேவைப்பட்டாலும் அது ஒன்றும் உலகம் முடிகிற விஷயமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் தண்ணீரோடு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. காபியும் அப்படியே, அது உறிஞ்சுவதைக் கெடுக்கும். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் எடுப்பவர்கள் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் எண்கள் தப்பாக வரும், எனக்கு ஒரு தடவை அப்படி வந்து வீணாக டோஸைக் குறைத்துவிட்டார்கள்.

குழந்தை விஷயம். எனக்கு இரண்டு. கர்ப்பமானதும் உடம்புக்குத் தைராய்டு ஹார்மோன் கூடுதலாக வேண்டும், ஆரம்ப வாரங்களிலேயே வேண்டும், ஏனென்றால் முதல் மூன்று மாதத்துக்குக் குழந்தை ஏறக்குறைய முழுக்க அம்மாவிடமிருந்து வருவதை நம்பித்தான் இருக்கிறது. நாள் தள்ளிப்போனதுமே வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாக எடுத்துக்கொண்டு உடனே வந்து டெஸ்ட் கொடு என்று எனக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். இரண்டு குழந்தைகளுக்கும் குதிகால் டெஸ்ட் நார்மல். நீங்கள் மாத்திரை எடுக்காதவர், அதனால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் முயற்சி தொடங்குவதற்கு முன்பே ஒரு எண்டோகிரைனாலஜிஸ்டை (ஹார்மோன் டாக்டர்) பாருங்கள். 3.8 என்பது சாதாரணமாக இருக்கும்போது சரி, கர்ப்பத்துக்கு என்று வரும்போது ஆன்டி டிபிஓவையும் சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். இரண்டு நிமிட டாக்டரிடம் கேட்கிற கேள்வி இல்லை இது.

அரைத்தூக்கம் எழுதியது:

உங்கள் அம்மாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் மகளுக்கு இப்போது எட்டு மாதம். பிறந்தபோது மூன்று கிலோ, நல்ல நிறம், அழுகை, எல்லாம் சரியாக இருந்தது. ஆறாம் நாள் போன் வந்தது, குதிகால் டெஸ்டில் டிஎஸ்எச் மிக அதிகம், இன்றைக்கே வாருங்கள் என்று. ஸ்கேனில் கழுத்தில் தைராய்டே இல்லை. ஐசோடோப் ஸ்கேனில் பார்த்தால் நாக்கின் அடியில் ஒரு சின்னத் துணுக்கு, அவ்வளவுதான். அதை யாராவது தொண்டைக்கட்டி என்று நினைத்து எடுத்துவிட்டால் இருக்கிற தைராய்டும் போய்விடும் என்று அன்றைக்கே எச்சரித்தார்கள், சாம்பல்திரை சொன்ன அதே கதைதான்.

குழந்தை பார்க்க நன்றாக இருக்கிறதே என்று நான் வாதாடினேன். வயிற்றில் இருந்தவரை அம்மாவின் ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாகக் கொஞ்சம் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதனால்தான் பிறந்தவுடன் தெரிவதில்லை. விட்டிருந்தால் சில வாரங்களில் வந்திருக்கும்: இறங்காத மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், எழுப்பினாலும் பாலுக்கு எழாத தூக்கம். நாங்களோ "எவ்வளவு சமர்த்து, அழுவதே இல்லை" என்று கொஞ்சிக்கொண்டிருந்திருப்போம். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் குழந்தைகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறதாம். 1970களில் கனடாவின் கியூபெக்கில் இந்த இரத்தச் சொட்டுப் பரிசோதனை தொடங்குவதற்கு முன்னால் பிறந்த குழந்தைகளில் பலருக்கு விஷயம் தெரியவரும்போதே மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருக்கும்.

இப்போது தினமும் காலையில் ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்பூனில் மாத்திரையை வைத்து, இன்னொரு ஸ்பூனின் முதுகால் நசுக்கி, நாலைந்து சொட்டுத் தாய்ப்பால் விட்டுக் குழைத்து, கன்னத்தின் உள்பக்கமாக விடுகிறோம். பால் பாட்டிலில் கலக்கவே கூடாது, குழந்தை பாதியில் நிறுத்தினால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. ஸ்பூனில் ஒட்டிய வெள்ளையை இன்னும் இரண்டு சொட்டு விட்டு வழித்துக் கொடுப்பது என் வேலை. கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் என்று தொடங்கினார்கள், பெரியவர்களுக்குக் கிலோவுக்கு ஒன்றரை சொச்சம்தான், அந்தத் துளியூண்டு உடம்புக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது பாருங்கள். மூன்று வயதுவரை மூளை இதை நம்பி வளர்கிறது, அதனால் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள். இப்போது அவள் உட்காருகிறாள், எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்க்கிறாள், அந்த ஸ்பூனைக் கண்டாலே வாயைத் திறக்கிறாள்.

என் மனைவியும் உங்கள் அம்மாவைப் போலத்தான் அழுதாள். டாக்டர் ஒரு விஷயம் சொன்னார், அதற்குப் பிறகுதான் கொஞ்சம் அடங்கினாள். அச்சில் வார்த்தது போல எல்லாமே ஒன்றாக இருக்கும் இரட்டைக் குழந்தைகள், ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவர்கள், ஒரே வயிறு, ஒரே சாப்பாடு, ஜீனும் ஒன்றே. அவர்களில் ஒரு குழந்தைக்குத் தைராய்டு சரியாக உருவாகாமல் இருந்தால் பெரும்பாலும் மற்றக் குழந்தைக்குச் சரியாகவே இருக்கிறது. அம்மா சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்தது என்றால் இரண்டுக்குமே வந்திருக்க வேண்டுமே. பாக்ஸ்8 போன்ற ஜீன்களில் மாற்றம் இருந்து குடும்பத்தில் தொடர்வது நூற்றில் சிலருக்குத்தான், மற்றதெல்லாம் உருவாகும் நேரத்தில் நடந்த தற்செயல்.

செங்கல்சூளை எழுதியது:

நல்லது சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. எல்லாம் மருந்துக் கம்பெனி வேலை.

சாம்பல்திரை எழுதியது:

உங்களுக்குத் தெரிந்தவருக்குக் கழுத்து வீக்கம் வற்றியது உண்மையாகவே இருக்கலாம். அயோடின் பற்றாக்குறையால் வந்த கழலை அயோடின் கிடைத்ததும் சுருங்குவதுண்டு, முக்கியமாகப் புதிதாக வந்தது என்றால். இவருக்கு அந்தப் பற்றாக்குறையே இல்லை, பற்றாக்குறை இருந்தது ஒரு மடலுக்கு. காலைமாத்திரையின் மாத்திரை மலிவான பழைய மருந்து, அதை விற்று யாரும் மாளிகை கட்டவில்லை.

நிலாமுற்றம், விட்டுப்போன ஒன்று. ரிப்போர்ட்டில் நாக்கின் அடிப்பகுதியையும் பார்த்ததாக எழுதியிருக்கிறதா? சிலருக்கு அங்கே ஒரு துணுக்கு தங்கியிருக்கும். எழுதியிருக்கவில்லை என்றால் பதற வேண்டாம், அடுத்த தடவை ஸ்கேனுக்குப் போகும்போது "மேலேயும் ஒரு பார்வை பாருங்கள்" என்று சொன்னால் போதும்.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். ஆன்டி டிபிஓ நெகட்டிவ். எண்டோகிரைனாலஜிஸ்ட் இருபது நிமிடம் உட்காரவைத்துப் பேசினார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு வாரத்தில் டிஎஸ்எச்சை மறுபடி பார்ப்போம், நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே போன் பண்ணு என்றார். நாக்கின் அடியிலும் பார்த்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. ரிப்போர்ட் போட்டோ என் போனிலும் இருக்கிறது, என் வீட்டுக்காரர் போனிலும் இருக்கிறது. கடல்பாசி வாங்கவில்லை.

அரைத்தூக்கம், நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரட்டைக் குழந்தை விஷயத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் சாம்பல்திரை எழுதிய அந்த 24ஆம் நாள், 7ஆம் வாரம் கணக்கையும் வாசித்தேன். கொஞ்ச நேரம் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "ஏழாவது வாரமா? நீ வயிற்றில் இருப்பதே எனக்கு மூன்றாவது மாதம்தானே தெரியும்" என்றார். அதோடு எழுந்துபோய் உங்கள் மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்கச் சொன்னார்.